கணினி சொன்ன எண், மேலாளர் திருத்திய எண்

பெரிய உற்பத்தி நிறுவனங்களின் விற்பனைக் கணிப்புப் பிரிவில் மாதந்தோறும் நடக்கும் வேலை இது. ஒவ்வொரு பொருளும் அடுத்த மாதம் எவ்வளவு விற்கும் என்று மென்பொருள் ஓர் எண்ணைத் தரும். கடந்தகால விற்பனை, பருவத்துக்குப் பருவம் வரும் ஏற்ற இறக்கம் ஆகியவற்றைக் கொண்டு அது போட்ட கணக்கு. திரையில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு காலிக் கட்டம் இருக்கும். மேலாளர் விரும்பினால் அதில் தன் எண்ணைப் போடலாம். போட்டுவிட்டால் உற்பத்திக்கும் கொள்முதலுக்கும் போவது அந்த எண்தான். கணினி 1,240 என்றதை ஒருவர் 1,300 ஆக்குவார். ஏன் என்று கேட்டால், "கொஞ்சம் கூடவே போகும்னு தோணுது" என்பார்.

தொழில் நிர்வாகத்தில் முடிவெடுக்க வேண்டியது மனிதரா கணினியா என்ற விவாதத்துக்கு வயது அறுபதுக்கு மேல். நிர்வாகவியல் அறிஞர் ஹெர்பர்ட் சைமன் 1960-இல் நிர்வாக முடிவுகளை இரண்டாகப் பிரித்தார்: திரும்பத் திரும்ப வருவதால் ஒரு விதிமுறைக்குள் அடங்குபவை, ஒவ்வொரு முறையும் புதிதாக வருவதால் அடங்காதவை. முதல் வகை கணினிக்கு, இரண்டாவது மனிதருக்கு என்று பலர் பாகம் பிரித்துக்கொண்டனர். (சைமனோ இரண்டாவது வகையையும் ஒருநாள் கணினி எடுத்துக்கொள்ளும் என்று நம்பியவர்.) 1971-இல் ஆண்டனி கோரி, மைக்கேல் ஸ்காட் மார்ட்டன் ஆகிய இருவரும் இவற்றுக்கு நடுவில் பாதி மட்டும் விதிக்குள் அடங்கும் முடிவுகள் என்று மூன்றாவது வகையைச் சேர்த்தார்கள். கணினி கணக்குப் போட்டுக் கொடுக்கும், மனிதர் பார்த்து முடிவு செய்வார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் 'பார்த்து' என்ற சொல்லுக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி. அதற்கான விடையை மாநாட்டு உரைகளில் தேடுவதைவிட அந்தக் காலிக் கட்டத்தில் தேடுவது நல்லது. அங்கே ஒவ்வொரு திருத்தமும் பதிவாகிறது; மாதம் முடிந்ததும் எது சரி, எது தவறு என்று தெரிந்தும் விடுகிறது.

லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஃபில்ட்ஸும் பால் குட்வின் முதலான அவருடைய சகாக்களும் அப்படித்தான் தேடினார்கள். நான்கு நிறுவனங்களிலிருந்து 60,000-க்கும் மேற்பட்ட கணிப்புகளைத் திரட்டி, கணினி சொன்ன எண், மேலாளர் திருத்திய எண், உண்மையில் விற்ற எண் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். முடிவுகள் 2009-இல் வெளியாயின. மூன்று நிறுவனங்களில் சராசரியாகப் பார்த்தால் திருத்தங்களால் கணிப்பு மேம்பட்டே இருந்தது. ஆகவே மேலாளரின் கையைக் கட்டிவிடுங்கள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் சராசரியைப் பிரித்துப் பார்த்தபோது வேறொரு கதை தெரிந்தது. எண்ணைக் கணிசமாகக் கீழே இறக்கிய திருத்தங்கள் பெரும்பாலும் பலித்தன. அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் என்று செய்த சின்னச் சின்னத் திருத்தங்கள் பல நேரம் கணிப்பைக் கெடுத்தன. எண்ணை மேலே ஏற்றிய திருத்தங்கள், இறக்கியவற்றைவிட மிகக் குறைவாகவே பயன்பட்டன. ஏற்றவே கூடாத இடத்தில் ஏற்றியதும் அதிகம்.

இதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். எண்ணை ஒருவர் பெரிதாக இறக்குகிறார் என்றால் அவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. ஒரு பெரிய வாடிக்கையாளர் கை நழுவிவிட்டார், போட்டி நிறுவனம் பாதி விலைக்குத் தரப்போகிறது என்பது போன்ற சேதி. விற்பனை குறையும் என்று சொல்லி நல்ல பெயர் வாங்கியவர் எந்த அலுவலகத்திலும் இல்லை. அதனால் காரணம் இல்லாமல் யாரும் இறக்குவதில்லை. ஏற்றுவதற்குக் காரணமே தேவையில்லை. இலக்கு ஏற்றச் சொல்கிறது, மேலிடம் ஏற்றச் சொல்கிறது, மனசும் ஏற்றச் சொல்கிறது. சின்னத் திருத்தங்களோ இரண்டிலும் சேராதவை. சம்பளம் வாங்கும் ஆள் கணினி சொன்னதை அப்படியே அனுப்பினால் பிறகு தான் எதற்கு என்ற உறுத்தல்தான் அவற்றில் பலவற்றுக்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

மின்னசோட்டா பல்கலைக்கழக உளவியலாளர் பால் மீல் 1954-இல் எழுதிய சிறு புத்தகத்தில் இந்தச் சிக்கலின் வேர் இருக்கிறது. கைதிகள் திரும்பக் குற்றம் செய்வார்களா, மாணவர்கள் தேறுவார்களா போன்ற கேள்விகளில் நிபுணரின் கணிப்பையும் எளிய புள்ளியியல் சூத்திரத்தையும் ஒப்பிட்ட இருபது ஆய்வுகளை அவர் அலசினார். ஏறக்குறைய எல்லாவற்றிலும் சூத்திரம் நிபுணருக்குச் சமமாக நின்றது, அல்லது ஜெயித்தது. மீல் நோயாளிகளுக்கு மனநலச் சிகிச்சை அளித்துவந்தவர் என்பதை நினைவில் வைக்க வேண்டும். சொந்தத் தொழிலுக்கு எதிரான சாட்சியத்தைத்தான் அவர் அச்சேற்றினார். 2000-இல் வேறு ஆய்வாளர்கள் 136 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் பெரிய மாற்றம் இல்லை.

அதே மீல் ஒரு விதிவிலக்கையும் சொன்னார். ஒரு பேராசிரியர் வாரத்தின் குறிப்பிட்ட ஒரு நாளில் தவறாமல் சினிமாவுக்குப் போகிறவர். இந்த வாரமும் போவார் என்று சூத்திரம் சொல்கிறது. ஆனால் அவருக்குக் கால் முறிந்து இடுப்பு வரை மாவுக்கட்டு போட்டிருப்பது நமக்குத் தெரியும். திரையரங்கு இருக்கையில் அவரால் உட்கார முடியாது. இந்த இடத்தில் சூத்திரத்தை மீறத்தான் வேண்டும். கால்முறிவு அபூர்வமாக வருவது. அதனால் பழைய தரவில் அது இருக்காது. மனிதரின் வேலை அதைக் கண்டுபிடிப்பது. மீலுக்குப் பின் வந்த ஆய்வாளர்கள் கண்ட தொல்லை என்னவென்றால், நிபுணர்கள் பார்க்கும் இடமெல்லாம் கால்முறிவைக் காண்கிறார்கள். லேசாக நொண்டுகிறவரையும் வீட்டிலேயே உட்கார வைத்துவிடுகிறார்கள்.

மேலாளருக்குச் சரக்கு தெரியாது, சந்தை தெரியாது என்று இதற்குப் பொருளில்லை. எட்வர்ட் போமன் 1963-இல் உற்பத்தித் திட்டமிடலை ஆராய்ந்தபோது கண்டது இதற்கு நேர் எதிரானது. மேலாளர்கள் எதை எதைக் கவனிக்க வேண்டுமோ அதைச் சராசரியில் சரியாகவே கவனிக்கிறார்கள். கோளாறு, ஒரே நிலைமையில் இன்று ஒரு முடிவும் நாளை வேறொரு முடிவும் எடுப்பதில் இருக்கிறது. நேற்று வந்த ஒரு தொலைபேசி அழைப்பு, காலையில் நடந்த ஒரு வாக்குவாதம் அன்றைய முடிவை ஒரு பக்கம் இழுத்துவிடுகிறது. மேலாளரின் பழைய முடிவுகளிலிருந்தே ஒரு விதியை வடித்து, அவருக்குப் பதிலாக அந்த விதியை முடிவெடுக்க விட்டபோது பெரும்பாலும் செலவு குறைந்தது. அவருடைய அனுபவம்தான் அந்த விதி. அவருடைய மனநிலை மட்டும் அதில் இல்லை.

இந்த அலைபாய்தல் எவ்வளவு பெரியது என்று நிறுவனங்களுக்கே தெரிவதில்லை. உளவியலாளர் டேனியல் கானமனும் அவரோடு சேர்ந்தவர்களும் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில், ஒரே விண்ணப்பத்தைப் பல அதிகாரிகளிடம் தனித்தனியே கொடுத்துப் பிரீமியம் நிர்ணயிக்கச் சொன்னார்கள். இரண்டு அதிகாரிகளின் தொகைகளுக்கு நடுவே 10 சதவீத அளவுக்கு வித்தியாசம் இருக்கலாம் என்று மேலதிகாரிகள் நினைத்திருந்தார்கள். இருந்தது 55 சதவீதம். யாருடைய மேசையில் கோப்பு விழுகிறது என்பதைப் பொறுத்து வாடிக்கையாளரின் பிரீமியம் முடிவாகிக்கொண்டிருந்தது. அத்தனை ஆண்டுகளாக அங்கே யாரும் அதைக் கவனிக்கவில்லை.

கணினியின் சொல்லை மீறுவதை நேரடியாக அளந்த ஆய்வுகளில் ஆள்சேர்ப்பு பற்றியது ஒன்று முக்கியமானது. மிட்செல் ஹாஃப்மன், லிசா கான், டேனியெல் லி மூவரும் 2018-இல் வெளியிட்டது. பதினைந்து நிறுவனங்கள், ஆட்கள் அடிக்கடி வேலையை விட்டுப் போய்விடும் சேவைத்துறை வேலைகள். விண்ணப்பித்தவர்கள் கணினியில் ஒரு தேர்வு எழுத வேண்டும். மதிப்பெண்ணைப் பொறுத்து ஒவ்வொருவருக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு நிறம் கிடைக்கும். தேர்வு வந்த பிறகு சேர்ந்தவர்கள் முன்பைவிட 15 சதவீதம் கூடுதல் காலம் வேலையில் நீடித்தார்கள். மேலாளர் நேர்காணல் நடத்தித் தன் விருப்பப்படி எடுக்கலாம். பச்சை காத்திருக்க மஞ்சளைக்கூட எடுக்கலாம். அப்படி மீறியவர்களுக்கு மற்றவர்கள் காணாத ஏதோ கண்ணில் பட்டது என்றால், அவர்கள் எடுத்த ஆட்கள் கூடுதல் காலம் நிலைக்க வேண்டும். நடந்தது வேறு. அதிகமாக மீறிய மேலாளர்கள் எடுத்தவர்கள் சீக்கிரம் போனார்கள்.

இந்த ஒன்றை மட்டும் படித்துவிட்டுக் காலிக் கட்டத்தை எடுத்துவிடலாம் என்று முடிவு கட்டினால், அடுத்த ஆய்வு இடறும். கரேல் வான் டொன்செலாரும் உடன் ஆய்வாளர்களும் ஐரோப்பிய சூப்பர் மார்க்கெட் நிறுவனம் ஒன்றில் கடை மேலாளர்கள் செய்த திருத்தங்களை ஆராய்ந்தார்கள். எந்தப் பொருளை எப்போது எவ்வளவு வரவழைப்பது என்று மென்பொருள் தினமும் யோசனை சொல்லும். மேலாளர்கள் அதை அடிக்கடி மாற்றினார்கள். தலைமை அலுவலகத்தின் கண்ணுக்கு இது ஒழுங்கீனம். ஆராய்ந்து பார்த்தபோது மாற்றங்களில் ஓர் ஒழுங்கு தெரிந்தது: கூட்டம் அலைமோதும் நாட்களில் வரவேண்டிய சரக்கைக் கூட்டமில்லாத நாட்களுக்கு முன்னதாகவே தள்ளிக்கொண்டிருந்தார்கள். லாரியில் வந்து இறங்கும் அட்டைப்பெட்டிகள் தானாக அலமாரியில் ஏறுவதில்லை. பெட்டியைப் பிரிக்க ஆள் வேண்டும். பிரித்து அடுக்க, நடைபாதையில் இடம் வேண்டும். கல்லாவில் வரிசை நீளும் நாளில் இரண்டும் கிடைக்காது. மென்பொருளின் கணக்கில் அடுக்கும் ஆளின் நேரம் இல்லை. மேலாளர்கள் அதைத் தங்கள் கட்டத்தின் வழியாகக் கணக்கில் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் கண்டிப்பதைவிட அவர்கள் செய்ததை மென்பொருளிலேயே சேர்ப்பதுதான் விவேகம் என்றது ஆய்வு. 2010-இல் வந்த அந்தக் கட்டுரை, இத்துறையில் நான் படித்தவற்றில் மிகவும் நிதானமானது.

ஆள் எடுக்கும் மேலாளரும் சரக்கு எடுக்கும் மேலாளரும் ஒரே காரியத்தைத்தான் செய்தார்கள்; பலன் ஏன் எதிரெதிர்? சரக்கு எடுத்தவருக்குக் கணினி அறியாத ஒரு செய்தி தெரியும். அது வாராவாரம் அவர் கண்ணெதிரே நிரூபணமும் ஆகும். ஆள் எடுத்தவரிடம் இருந்தது அரைமணி நேரப் பேச்சில் கிடைத்த ஓர் எண்ணம். கானமனும் இன்னோர் உளவியலாளரான கேரி கிளைனும் 2009-இல் இதைப் பொதுவாகவே வரையறுத்தார்கள். சூழலில் ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும். செய்ததன் பலன் சீக்கிரமும் தெளிவாகவும் தெரிய வேண்டும். இரண்டும் இருந்தால் உள்ளுணர்வை நம்பலாம். தீயணைப்புப் படைத் தலைவருக்கு இது பொருந்தும். பங்குகளைப் பொறுக்கி எடுப்பவருக்குப் பொருந்தாது. ஆளை எடுத்த மேலாளர், அந்த ஆள் எட்டு மாதத்தில் ஓடிப்போனதை அறிவதற்குள் தானே இடம் மாறிப் போயிருப்பார்.

கணினியின் பக்கத்தையும் சும்மா நம்பிவிட முடியாது என்பதற்கு இன்னொரு கணக்கு. நான்சி டிஹொரேஷியஸும் அனந்த் ராமனும் ஒரு சில்லறை வணிக நிறுவனத்தின் 37 கடைகளில் ஏறத்தாழ 3,70,000 இருப்புப் பதிவுகளைச் சரிபார்த்தார்கள். 65 சதவீதம் தவறு. திரையில் ஆறு என்றிருக்கும், அலமாரியில் நான்கு இருக்கும். திருட்டு, உடைசல், வேறு பெட்டியில் மாட்டிக்கொண்டது, கல்லாவில் ஒரு பொருளை இரண்டு முறை அழுத்தியது எனக் காரணங்கள் பல. இந்த எண்களின்மேல்தான் தானியங்கி ஆர்டர் முறை முழுவதும் நிற்கிறது. இருப்பு இரண்டு என்று பதிவு சொல்ல, அலமாரி காலியாக இருந்தால், கணினி புதிதாக எதையும் வரவழைக்காது. பொருள் விற்பதும் இல்லை. விற்காததால் அதற்குக் கிராக்கி இல்லை என்று அடுத்த கணிப்பு எண்ணை இன்னும் குறைக்கும். அந்தச் சுழலை அறுக்க, காலி அலமாரியை நேரில் பார்க்கும் ஓர் ஆள்தான் வேண்டும்.

மனித அறிவை எந்த இடத்தில் சேர்ப்பது என்பதை யோசித்து அமைத்த ஓர் ஏற்பாட்டுக்கு ஸ்பெயினின் ஜாரா ஆடை நிறுவனம் நல்ல உதாரணம். அதன் மத்தியக் கிடங்குகளிலிருந்து உலகெங்கும் உள்ள கடைகளுக்கு வாரம் இருமுறை ஆடைகள் போகும். முன்பு கடை மேலாளர்கள் தங்களுக்கு வேண்டியதைக் கேட்பார்கள்; கிடங்கில் ஒரு குழு அதைப் பார்த்துப் பிரித்துக் கொடுக்கும். நன்றாக ஓடும் ஆடைக்குப் பற்றாக்குறை வரும் என்று தெரிந்த மேலாளர் பத்து வேண்டிய இடத்தில் இருபது கேட்பார். கேட்டால்தானே பத்தாவது கிடைக்கும்! ஃபெலிப்பே காரோ, ஜெரெமி காலியென் என்ற இரு ஆய்வாளர்கள் நிறுவனத்தோடு சேர்ந்து இதற்கு ஒரு கணித மாதிரியை உருவாக்கினார்கள். மேலாளர் கேட்கும் எண்ணை அவர்கள் தூக்கிப் போடவில்லை; பழைய விற்பனையோடு அதையும் ஒரு தடயமாக எடுத்துக்கொண்டார்கள். கடைகளில் கண்ட ஒரு வழக்கத்தையும் மாதிரிக்குள் கொண்டுவந்தார்கள். ஓர் ஆடையின் முக்கியமான நடுத்தர அளவு தீர்ந்துவிட்டால், மற்ற அளவுகள் இருந்தாலும் அந்த ஆடை முழுவதையுமே ஊழியர்கள் பார்வையிலிருந்து எடுத்துப் பின்னறைக்குக் கொண்டுபோய்விடுவார்கள். 'மீடியம்' இல்லாத கடைக்கு 'ஸ்மால்' அனுப்பினால் அது நேரே பின்னறைக்குத்தான் போகும். கடையில் நின்று பார்க்காதவருக்கு இந்த விதி கிடைத்திருக்காது. அதைக் கற்றுக்கொண்ட மாதிரியைச் சோதித்தபோது விற்பனை 3 முதல் 4 சதவீதம் உயர்ந்தது. மனித அறிவு இங்கே கணக்கு போடுவதற்கு முன்பே உள்ளே போய்விடுகிறது. கடைசியில் வந்து எண்ணைத் திருகுவது குறைகிறது.

ஜில்லோவின் கதை வேறு மாதிரி முடிந்தது. அமெரிக்காவில் பெரும்பாலான வீடுகளுக்கு உத்தேச விலை சொல்லும் இணையதளம் அது, 2006-இல் தொடங்கியது. அந்த மதிப்பீட்டை மக்கள் பொழுதுபோக்காகக்கூடப் பார்ப்பார்கள். சில ஆயிரம் டாலர் கூடக்குறைய இருந்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. 2018-இல் நிறுவனம் வீடுகளைத் தானே வாங்கி விற்கத் தொடங்கியது. 2021 பிப்ரவரியில் ஒருபடி மேலே போய், சில இடங்களில் இணையத்தில் காட்டும் மதிப்பீட்டையே ஆரம்ப விலையாகத் தருவோம் என்றது. அதோடு எண்ணின் குணமே மாறிவிட்டது. மதிப்பீடு சராசரியில் மிகச் சரியானது என்றே வைத்துக்கொள்வோம். பாதி வீடுகளுக்குச் சற்றுக் கூடவும் பாதிக்குச் சற்றுக் குறைவாகவும் இருக்கும். குறைவாகச் சொன்ன வீட்டுக்காரர் விற்க மாட்டார். கூடச் சொன்னவர் உடனே கையெழுத்துப் போடுவார். மழைக்கு எந்தச் சுவர் ஊறும், இரவில் எந்தப் பக்கத்து வீட்டில் இரைச்சல் என்பது அவருக்குத்தான் தெரியும். ஆகவே சராசரியில் சரியான எண்ணும் வாங்கிய வீடுகளில் மட்டும் தவறாகிவிடும். இதோடு, ஏறிக்கொண்டிருந்த சந்தை வேகம் குறைந்தது. அந்த ஆண்டின் மூன்றாம் காலாண்டில் மட்டும் 9,000-க்கும் மேற்பட்ட வீடுகளை வாங்கிய ஜில்லோ, நவம்பர் 2-ஆம் தேதி அந்தத் தொழிலையே மூடுவதாக அறிவித்தது. 300 மில்லியன் டாலருக்கும் மேல் நஷ்டக் கணக்கு. ஊழியர்களில் கால்வாசிப் பேருக்கு வேலை போனது. வீட்டு விலைகளை முன்கூட்டிக் கணிப்பது நினைத்ததைவிட மிகக் கடினம் என்றார் அப்போதைய தலைமை நிர்வாகி ரிச் பார்ட்டன். கணிப்பு கடினம் என்பது உண்மைதான். ஆனால் பொழுதுபோக்காகச் சொன்ன எண்ணைப் பணம் கொடுக்கும் எண்ணாக மாற்றுவோம் என்று முடிவெடுத்தது கணினி அல்ல. அந்த முடிவைப் போடக் கணினியில் கட்டமும் கிடையாது.

இனி நடைமுறைக்கு வருவோம். சின்னத் திருத்தம் கெடுக்கிறது என்றால், கட்டத்துக்கு ஒரு குறைந்தபட்ச வரம்பு வைத்துவிட்டால் என்ன? குறுக்கே நிற்பது மனித சுபாவம். பெர்க்லி டீட்வோர்ஸ்ட், ஜோசப் சிம்மன்ஸ், கேட் மாஸி மூவரும் 2015-இல் காட்டியபடி, அல்காரிதம் ஒருமுறை தவறுவதைக் கண்ணால் பார்த்துவிட்டால் மக்கள் அதைக் கைவிட்டுவிடுகிறார்கள். தங்கள் சொந்தக் கணிப்பு அதைவிட மோசமாகத் தவறுவதைப் பார்த்திருந்தாலும்கூட. மூன்றாண்டுகள் கழித்து அவர்களே ஒரு மாற்று வழியும் கண்டார்கள். அல்காரிதத்தின் எண்ணை இம்மியளவு மாற்ற அனுமதி கொடுத்தால் போதும், மக்கள் அதை ஏற்றுக்கொள்கிறார்கள். எவ்வளவு மாற்றலாம் என்பது அவர்களுக்குப் பொருட்டாகவே இல்லை. மாற்ற முடியும் என்பது போதும். கணிப்பைக் கெடுக்கும் அதே சின்னத் திருத்தம்தான், கணினியை ஆட்கள் தூக்கி எறியாமல் இருப்பதற்கு நிறுவனம் கொடுக்கும் விலையும் ஆகிறது. கொடுக்கலாம் என்பதே என் கருத்து. திருத்தத்தோடு ஒரு வரிக் காரணமும் எழுதச் சொல்லி, ஆறு மாதம் கழித்து அதைத் திரும்ப எடுத்துப் பார்த்தால் எது கால்முறிவு, எது வெறும் நொண்டல் என்று தெரிந்துவிடும். ஒரே காரணம் திரும்பத் திரும்ப வந்தால் அதை மென்பொருளுக்குள் கொண்டுபோகலாம். இதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டாம், சலிக்காமல் பதிவு எழுதும் பழக்கம் வேண்டும். பெரும்பாலும் அங்கேதான் உதைக்கிறது.

கட்டம் இருந்தும் அதில் யாரும் கை வைக்காத நிலையும் உண்டு. ஜெர்மனியில் கடன் தகுதி மதிப்பெண் வழங்கும் ஷூஃபா நிறுவனம் தொடர்பான வழக்கு அப்படிப்பட்டது. கடன் மறுக்கப்பட்ட ஒருவர், தன் மதிப்பெண் எப்படிக் கணக்கிடப்பட்டது என்று கேட்டார். பொதுவான விளக்கம் கிடைத்தது. எந்தத் தகவலுக்கு எவ்வளவு எடை என்பது வணிக ரகசியம் என்று மறுக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, முழுக்க இயந்திரமே எடுக்கும் முடிவுக்கு ஒருவரை உட்படுத்துவதைக் கட்டுப்படுத்துகிறது. நாங்கள் மதிப்பெண் மட்டுமே தருகிறோம், கடன் தருவதா வேண்டாமா என்று முடிவு செய்வது வங்கி என்பது ஷூஃபாவின் வாதம். 2023 டிசம்பர் 7 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வங்கி அந்த மதிப்பெண்ணையே பெரிதும் சார்ந்து கடன் தருகிறது அல்லது மறுக்கிறது என்றால், மதிப்பெண் போடுவதே முடிவெடுப்பதுதான் என்றது.

இந்தத் தீர்ப்பின் வழியில் போனால், எங்களிடம் முடிவெடுப்பது மனிதர்தான் என்று சொல்லும் ஒரு வங்கி, கோப்பின் அடியில் இருக்கும் அதிகாரியின் கையெழுத்தைக் காட்டி நிறுத்திக்கொள்ள முடியாது. மதிப்பெண் குறைவாக இருந்தும் கடன் பெற்றவர்கள் எத்தனை பேர், நன்றாக இருந்தும் மறுக்கப்பட்டவர்கள் எத்தனை பேர், அந்த ஒவ்வொரு விண்ணப்பத்திலும் அதிகாரி எழுதிய காரணம் என்ன என்று அது எடுத்து வைக்க வேண்டியிருக்கும்.